ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு பிழைப்புக்கு

அண்ணி பை வாங்கிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு செய்தித்தாளில் விளையாட்டுப் புகைப்படக்காரர் அவர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு கறுப்புப் பையும் வந்தது. தடித்த வார், நாலு பக்கமும் ஜிப், முகப்பில் கேமரா கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில். ஒரு ரயில் பயணத்தில், அவர் கண்ணயர்ந்த நேரத்தில், அதை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் கிடந்த கேமராவும் அதில் மாட்டியிருந்த குட்டி லென்ஸும்தான் மிச்சம்.

"திருடன் மேல தப்பில்ல தம்பி. உள்ள நல்ல சாமான் இருக்குன்னு நானே போர்டு மாட்டிட்டுத் தூங்கிட்டேன்" என்றார் என்னிடம். அன்றிலிருந்து பயணத்தில் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றுவதில்லை.

புதுப் பைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாம் அதே கறுப்பு, அதே போர்டு. அப்போது அவர் நிறைமாதம். பிறக்கப்போகும் குழந்தைக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், பால் புட்டியும் டயப்பரும் வைக்கிற துணிப்பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், மேலெல்லாம் மஞ்சள் வாத்துக் குஞ்சுகள். அண்ணி கைப்பையிலிருந்து, அலுவலகம் புதிதாகக் கொடுத்திருந்த ஒரு லென்ஸை எடுத்துப் புட்டி வைக்கிற அறைக்குள் இறக்கினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. பால் ஆறாமலிருக்க வைத்த பஞ்சு, கண்ணாடிக்கு அடிபடாமலிருக்கவும் போதும். அதைவிட, வாத்துக் குஞ்சை எந்தத் திருடன் திரும்பிப் பார்ப்பான்?

"ரெண்டு குடுங்க."

"ரெட்டைக் குழந்தைங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க. ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு பிழைப்புக்கு."

வெளியூர் வேலை வந்தால் அண்ணி கட்டில் முழுக்கச் சாமானைப் பரப்புவார். கனமான நீள லென்ஸ் முதுகை ஒட்டி அடியில். மெமரி கார்டுகள் அண்ணனின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில். பேட்டரிகள் காலுறைக்குள், சார்ஜ் ஏறியது நிமிர்ந்திருக்கும், தீர்ந்தது கவிழ்ந்திருக்கும். இருட்டில் தடவினாலே தெரிந்துவிடும். கடைசியாகப் பையின் காதில் ஒரு சிவப்பு ரிப்பன். பிழைப்புப் பைக்கு அதுதான் அடையாளம்.

குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியவரை அலுவலகம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. மற்றவர்கள் எடுத்த படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதும் வேலை. மலைமேல் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்குத் தன்னை அனுப்பச் சொல்லி அண்ணி கேட்டபோது, "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு மலையெல்லாம் எதுக்கும்மா?" என்றார் ஆசிரியர். அண்ணி நகரவில்லை. "சரி, ஒரே ஒரு தடவை பாக்கலாம்" என்று ஆசிரியரே இறங்கி வந்தார்.

"இதுல கோட்டை விட்டா, அப்புறம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அடுத்தவங்க படத்துக்கு அடியிலதான் என் பொழப்பு" என்று அண்ணி வீட்டில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ரிப்பனை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

அந்த இரண்டு முடிச்சையும் என் அண்ணன் மகள் தவழ்ந்து வந்து, சப்பி, இழுத்து அவிழ்த்துவிட்டாள். தரையில் கிடந்த ரிப்பனைப் பார்த்தது அண்ணன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு பையையும் தூக்கிப் பார்த்து, கனமானதுதான் கேமராப் பை என்று தீர்மானித்து அதில் கட்டினார். மறுநாள் பேத்திக்குத் தடுப்பூசி என்று வெந்நீர் ஃபிளாஸ்க், புட்டிகள், பால்மாவு டப்பா, டயப்பர் கட்டு என அம்மா ஊரையே பாப்பா பைக்குள் அடைத்திருந்தது கணக்கில் வரவில்லை. அன்றிரவு பெண்டாட்டியை வேனில் ஏற்றி, பையை மடியில் வைத்து, பெருமையாகக் கையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் மலையிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"தம்பி, பாப்பா பையைத் திறங்க."

திறந்தேன். "அண்ணி... பெரிய லென்ஸ் இருக்கு."

அந்தப் பக்கம் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம். இங்க பால்மாவு இருக்கு."

அம்மா போனைப் பிடுங்கினாள். "ஐயையோ, பிள்ளைக்கு மாத்துத்துணி எல்லாம் அதுலதானேம்மா!"

"அத்தை, பிள்ளைக்கு மாத்து பீரோல இருக்கு. எனக்குத்தான் மாத்து இல்ல. உங்க வாத்தியார் மகன்கிட்ட கூட்டல் மறுபடி போடச் சொல்லுங்க."

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டார். பந்தயத்துக்காக மலைப்பாதையை அடைத்தாகிவிட்டது என்று அண்ணி சொன்னதும் செருப்போடு திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

மலைமேல் நடந்ததை அண்ணியும், வேறொரு பத்திரிகையின் மூத்த புகைப்படக்காரரும் பிறகு ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள். எப்போதும் தொப்பியோடு திரிவதால் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர். முடிவுக்கோட்டில் பீரங்கி வரிசை மாதிரி நீள லென்ஸ்கள் நின்றன. நடுவில் அண்ணி, வாத்துக் குஞ்சுப் பையோடு.

"என்னம்மா, குழந்தை எங்க?" என்றாராம் தொப்பிக்காரர்.

"பின்னால வருது சார், சைக்கிள்ல."

கழுத்தில் கிடந்ததோ குட்டி லென்ஸ். கைக்கெட்டும் தூரத்தில் ஆள் வந்தால்தான் அதற்கு முகம் தெரியும். அந்த வரிசையில் நின்று பிரயோஜனமில்லை. அண்ணி கீழே இறங்கி, ஏற்றம் செங்குத்தாக இருந்த ஒரு கொண்டை ஊசி வளைவில் போய் நின்றார். அங்கே சைக்கிள்காரர்கள் நடக்கிற வேகத்தில்தான் வந்தாக வேண்டும்.

சற்று நேரத்தில் மூடுபனி இறங்கியது. நீள லென்ஸ்களுக்கு உலகம் ஒரு வெள்ளைத் தாள். கூடவே மழை. அண்ணி பையைத் திறந்து ஒரு டயப்பரை எடுத்துக் கேமராவுக்குக் கட்டினார், இடுப்புப் பட்டையை இழுத்து ஒட்டி, லென்ஸ் மட்டும் கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்க. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கேமராவைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு தொப்பிக்காரரும் அங்கே வந்து சேர்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடேன்மா."

"என்ன சைஸ் சார்?"

ஒவ்வொருவராக வளைவைக் கடந்தார்கள். பல்லைக் கடித்த முகங்கள். அண்ணி எடுத்துக்கொண்டே இருந்தார். எல்லோருக்கும் கடைசியாக ஒரு பையன். சங்கிலி அறுந்து, சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்து வந்தான். அழுகிறானா மழையா என்று தெரியவில்லை. அண்ணிக்கு எதிரே வந்து நிமிர்ந்தவன் டயப்பர் கட்டிய கேமராவைப் பார்த்தான். நின்றான். அப்படியே வாய்விட்டுச் சிரித்தான். தாடையிலிருந்து தண்ணீர் தெறிக்க, தோளில் உடைந்த சைக்கிளோடு, உலகத்தையே ஜெயித்தவன் மாதிரி.

மறுநாள் முதல் பக்கத்தில் அவன்தான் இருந்தான். ஜெயித்தவன் உள்பக்கத்துக்குப் போய்விட்டான். படத்தின் கீழே அண்ணியின் பெயர். அடியில் இரண்டு வரி எழுதியது அலுவலகத்தில் வேறு யாரோ.

"கடைசியா வந்தவன் எப்படிம்மா சிரிச்சான்?" என்று ஆசிரியர் கேட்டாராம்.

"டயப்பர் கட்டின குழந்தையைப் பாத்தா யாருக்கும் சிரிப்பு வரும் சார்" என்றாராம் அண்ணி. அதன்பின் அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். ரிப்பனை மட்டும் அண்ணன் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

பாப்பா டயப்பரை விட்டு வெகுநாளாகிறது. போன வாரம் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தேன். சாமான்களோடு ஒரு டயப்பர் கட்டையும் எடுத்து வைத்தாள்.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்காம்மா? என்ன வயசு?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"எட்டு முடியுது" என்றாள் அம்மா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"பிள்ளைக்கு இல்லம்மா. என் மருமகளோட கேமராவுக்கு" என்றாள் அம்மா. பின்னால் வரிசையில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.