சரியா வருது என்றேன்

என் தம்பி மனைவி குரோஷே ஊசியில் போட்ட தொப்பி பிழையாகப் போகிறது என்பது மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "சரியா வருது" என்று சொன்னேன்.

அவ்வளவுதான். இதற்கா ஒரு வாக்குமூலம் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள்... நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

முப்பது வருடங்கள் ஓர் உப தபாலகத்தில் இருந்தவள் நான். காலையில் கதவைத் திறந்ததும் முத்திரையில் திகதியை மாற்றுவதுதான் முதல் வேலை. ஓய்வு பெற்றபின்னும் நாளைக் குறிக்கிற அந்தப் பழக்கம் விடவில்லை. பலாபத்வலையில் எனக்கென்று ஒரு சிறிய வீடு, நிறையப் புத்தகங்கள், அவற்றைவிட நிறையக் கோடு போட்ட கொப்பிகள். எந்த நாள் மழை பெய்தது, எந்தப் பாதையில் மண் சரிந்தது, யார் வீட்டில் யார் பிறந்தது, எல்லாம் அவற்றில் இருக்கும். உறவுக்காரர்களுக்குள் ஒரு நாளைப் பற்றித் தகராறு வந்தால் "அக்காவோட கொப்பியப் பாருங்க" என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

என் கொப்பி பொய் சொன்னதில்லை. சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

என் தம்பி கணேசன் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். புற்றுநோய் என்று தெரிந்தபின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கண்டிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் முறைக்குப் பிறகு முடி முழுவதும் கொட்டிவிட்டது. சட்டைப் பையில் சீப்பில்லாமல் வெளியே போகாதவன் அவன்! நோயைத் தாங்கினான். இதைத் தாங்கவில்லை.

"பஸ்ல எல்லாரும் தலையப் பாத்து உச்சுக் கொட்டுறாங்க அக்கா. நான் இனிப் போகல" என்றான். கடைத் தொப்பியின் தையல் அவன் தோலை அரித்தது. மென்மையான நூலில், தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தொப்பி வேண்டும். அது இருந்தால் மருந்துக்கு வருவான். இல்லாவிட்டால் வரமாட்டான். ஒரு தொப்பியில் அவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் போட்டுத் தர்றேன்டா" என்றேன்.

"ராணி போடட்டும் அக்கா. நாள் முழுக்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவ கைக்கும் ஒரு வேலை வேணும்ல."

நியாயமான பேச்சு. எனக்கு வலித்ததா? வலித்திருக்க வேண்டும். கொப்பியில் அன்றைய நாளுக்கு எதிரே "காலையில் மழை" என்று மட்டுமே இருக்கிறது.

ராணிக்கு ஒரு துண்டில் செய்முறை எழுதிக் கொடுத்தேன். தொப்பியின் விளிம்புப் பட்டிதான் கடினம், மேற்பகுதி தானாக வந்துவிடும். பதினோரு சங்கிலி. திரும்பி, ஒவ்வொரு கண்ணியிலும் டபுள், பின் இழையில் மட்டும். தலைச் சுற்றளவைவிட ஒன்றரை அங்குலம் குறைவாக வரும்வரை வரிமேல் வரி. பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கவும்.

அந்தத் துண்டில் ஓர் எழுத்துப் பிழையும் கிடையாது. அதுதான் என் குற்றத்தின் அழகு!

இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் குரோஷே பழகியது மாத்தளையில் ஒரு தையல் வகுப்பில். எங்கள் ஆசிரியை பழைய இங்கிலாந்து முறைக்காரி. அவருக்கு, எல்லாவற்றிலும் குட்டையான தையலின் பெயர் டபுள். ராணி பழகியதோ போனில் அமெரிக்கப் பெண்களின் வீடியோவைப் பார்த்து. அவர்கள் அந்தக் குட்டைத் தையலை சிங்கிள் என்கிறார்கள். அவர்களுடைய டபுள் வேறு. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போடுகிற உயரமான தையல். ஒரே சொல், இரண்டு தையல்கள். குட்டைத் தையலைப் பின் இழையில் போட்டால் பட்டி வரிவரியாக மடிந்து நிற்கும். இழுத்தால் விரியும், விட்டால் திரும்பி வந்து பிடிக்கும். உயரத் தையலும் விரியும். ஆனால் இரண்டு நாளில் தளர்ந்துவிடும்; திரும்பி வராது.

இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் அந்தச் சொல்லை எழுதும்போது என் பேனா ஒரு கணம் நின்றதா? நேர்மையாகச் சொல்கிறேன், நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவர்கள் வீட்டு அடுப்படிக் கதவருகே ராணி உட்கார்ந்திருந்தாள். மடியில் நீல நூல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி நுழைத்தாள்.

"மதினி, துண்டுல டபுள்னு எழுதியிருந்தீங்களே, அதத்தான் போடுறேன். சரிங்களா?"

ஒரு சொல் போதும். "குட்டையாப் போடு" என்றால் போதும்...

"சரியா வருது" என்றேன்.

"அப்பாடா! நூலு வீணாப் போயிருமோன்னு பயந்துகிட்டே இருந்தேங்க."

உள்ளேயிருந்து கணேசன் கத்தினான். "நூலு போனாப் போகுது. என் தலை பூசணிக்கா மாதிரி இருக்குன்னு பெருசாப் போட்டுறாத!"

"பூசணிக்காய்க்கு யாரு தொப்பி போடுறா? வாய மூடிக்கிட்டு கஞ்சியக் குடிங்க."

இருவரும் சிரித்தார்கள். நான் அவள் போட்ட வரிகளை எண்ணினேன். மூன்று. அவிழ்த்தால் ஐந்து நிமிட வேலை. ஏன் சொல்லவில்லை? பொறாமையா? அவன் அவளைக் கேட்டான், என்னைக் கேட்கவில்லை என்பதாலா? இதற்குப் பொருத்தமான சொல்லைப் பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. பால் தேநீர் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். கொப்பியில் எழுதினேன்: "10.20. ராணி தொப்பி ஆரம்பித்தாள்."

அடுத்த ஐந்து நாட்களும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நானும் ஒரு தொப்பி போட்டேன். மண் நிற நூல். பட்டியில் எழுபத்தெட்டு வரிகள். என் முழங்காலில் மாட்டிப் பார்த்தேன், நழுவவில்லை. அதைப் பற்றி என் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. தேங்காய் விழுந்ததைக்கூட எழுதுகிற கொப்பியில்!

கண்டிக்குப் போகும் நாளில் மாத்தளை பஸ் நிலையத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். கணேசன் நீலத் தொப்பியோடு வந்திருந்தான். மூன்று நாள்தான் போட்டிருந்தான்; அதற்குள் பட்டி அலைபோலத் தளர்ந்து புருவம்வரை இறங்கியிருந்தது.

"கண்டி வர்றதுக்குள்ள மூக்கையும் மூடிரும் போல. பரவாயில்ல, ஒரு டாக்டரையும் பாக்க வேண்டியதில்ல" என்றான். ராணி அதை இழுத்து மேலே ஏற்றிவிட்டாள். அது மீண்டும் இறங்கியது. மீண்டும் ஏற்றினாள்.

பஸ்ஸில் நெரிசல். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்தி, கொண்டக்டர் எல்லாரையும் முன்னே போகச்சொல்லித் தள்ளினார். யாரோ ஒருவரின் பை இடித்து, தொப்பி கழன்று கீழே விழுந்தது. கணேசன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராணி குனிந்து, கால்களுக்கிடையில் கையை விட்டுத் தேடினாள். யாரோ அவள் விரலை மிதித்தார்கள். செருப்பு மண் படிந்த தொப்பியோடு அவள் எழுந்தபோது...

நான் என் பையிலிருந்து மற்றதை எடுத்தேன்.

என் தம்பியின் தலையில் மாட்டினேன். பட்டி விரிந்து, பிடித்து, நின்றது.

ராணி அதைப் பார்த்தாள். "இத எப்பங்க போட்டீங்க?"

"வேற ஒருத்தருக்குப் போட்டது. பையில கிடந்துச்சு."

கணேசன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். "அக்கா கொப்பில இது இருக்கா?" என்று சிரித்தான். வழக்கமான கேலிதானா? தெரிந்துதான் கேட்டானா? நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவன் பிறகு கேட்கவில்லை.

அதன்பின் ஒரு தவணையும் தவறாமல் மருந்துக்குப் போனான். என் தொப்பியோடுதான் போனான். நீலத்தைத் துவைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று ஒருமுறை கேட்டிருக்கிறான். ராணிதான் விடவில்லை. "மதினி போட்டதையே போடுங்க. நான் போட்டது மானத்த வாங்கிரும்" என்றாளாம். ஐந்து மாதங்கள். தொப்பியால் யாரும் சாகவில்லை, தொப்பியால் யாரும் பிழைக்கவுமில்லை. சவப்பெட்டியில் வைத்தபோதும் அவன் தலையில் இருந்தது என்னுடையதுதான். துக்கத்துக்கு வந்தவர்களிடம் ராணி சொன்னதைக் கேட்டேன். "அவருக்கு ஒரு தொப்பிகூட என்னால ஒழுங்காப் போட முடியல."

அருகில்தான் நின்றேன். அழவில்லை. இறந்த நேரத்தைக் கொப்பியில் குறித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராணி என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அம்மா கையால் ஒரு தொப்பி வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். நூல் உருண்டையை என் மேசையில் வைத்தாள். மஞ்சள் நூல்.

"நீங்களே போட்டுக் குடுங்க மதினி. எங் கைக்கு வராது. அவருக்குப் போட்டதோட ஊசியத் தொடவே இல்ல."

நான் உருண்டையில் நூலின் நுனியைத் தேடி எடுத்தேன்.

"நீலத் தொப்பி இன்னும் அலுமாரியில இருக்குங்க. நீங்க அன்னைக்குப் பாத்துட்டு சரியா வருதுன்னுதானே சொன்னீங்க? பிறகு எங்க தப்புப் பண்ணுனேன்னு இன்னும் புரியல. நான் அத ஆரம்பிச்சது என்னைக்குன்னு உங்க கொப்பில இருக்குங்களா?"

கொப்பியை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் புரட்டினேன். திகதியைச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது."

"நேரங்கூட இருக்கா!" என்று வியந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள மாதிரி யாருங்க இதெல்லாம் பாத்து வைக்கிறா..."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கான கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு சொல் தூரத்தில் இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

குழந்தைத் தலைக்கு ஏழு சங்கிலி போதும். இன்று இருபத்தாறாவது வரியில் இருக்கிறேன். குட்டைத் தையல், பின் இழையில் மட்டும். இழுத்துப் பார்த்தேன். விரிந்தது, திரும்பி வந்தது.

சரியாகத்தான் வருகிறது. நூல் தொடுவதுகூட என் விரல்களுக்கு உறைக்கவில்லை.