தலைதட்டிய நிறைபடி

இன்று காலை அனுமந்தன்பட்டியில் என் தங்கையின் கல்யாணம். மணவறை விளக்கருகே நெல் நிறைபடி வைப்பது என் பொறுப்பு.

யுத்தத்தால் ரேஷன் வந்ததிலிருந்து ரேஷன் கடையில் அளப்பவன் நான். படியை நிரப்பியதும் கை தன்னால் குச்சியை எடுத்து மேலே வழித்துவிட்டது. ஒரு நெல்மணி கூடவுமில்லை, குறையவுமில்லை.

மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, நிறைபடிக்கா தலை தட்டுனீக?"

"சரியான படி அத்தை. குறையே இல்ல."

"குறை இல்லதேன். நிறைவு எங்கன இருக்கு?"

இரண்டு கையாலும் நெல்லை அள்ளி, படிக்கு அடியில் விரித்த இலையில் சிந்தச் சிந்தக் குவித்தார். அப்புறம்தான் என் அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

நாளை மறுபடியும் ரேஷன் கடை. குறையில்லாமல் அளப்பவன் என்று அங்கே எனக்குப் பெயர்.

அது பாராட்டுத்தானா என்று தெரிந்தவர்கள் ஒரு தபால் கார்டு போடுங்கள்.