ஒயின் பெட்டியில் சுருட்டு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பழவேற்காட்டில் சுருட்டுக்குப் பூஞ்சணம் பூக்கும். வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல. சித்திரையில் மேல்காற்று அடிக்கும்போது அதே சுருட்டு காய்ந்து, விரல் பட்டாலே இலை வெடிக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே சுருட்டுக் கடை வைத்தவருக்கு வருஷத்தில் நிம்மதியான மாதங்கள் கொஞ்சம்தான்.

வேறு ஊரில் என்றால் நமத்த சுருட்டையும் முணுமுணுத்துக்கொண்டே இழுத்துவிடுவார்கள். இங்கே முடியாது. ஏரியில் வலை இழுப்பவர்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். காற்றோ சாரலோ அதை அணைக்காது. இரண்டு கைகளும் வலைக்கு மிச்சம். பெண்களிலும் சிலர் அப்படித்தான். நாக்குக்கு மேலே நெருப்பு நிற்கும்போது இலை விரிந்தால் பொறி தொண்டைக்குப் போகும். ஈரமாக இருந்தாலோ இழுக்க இழுக்க அணைந்துகொண்டே இருக்கும். அதனால் வாங்குகிறவர் முதலில் சுருட்டைக் காதருகே வைத்து விரலால் உருட்டுவார். சரசரவென்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார், சத்தமே வராவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஜலீல் அந்தத் தொழிலுக்குப் பிறந்தவர் அல்ல. சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, சோப்பு என்று ஏற்றிவிடும் ஒரு வியாபாரியிடம் இளமை முழுவதையும் கழித்தார். மனைவி ராபியா பழவேற்காட்டிலேயே இருந்தார். ஜலீல் பெருநாளுக்கு வருவார், போவார். ராபியா காய்ச்சலில் இறந்த செய்தி கிடைத்தபோது அவர் ஒரு கிரேக்கக் கப்பலுக்கு முட்டைக்கோஸ் எண்ணிக்கொண்டிருந்தார். அதன்பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். வந்த வீட்டில் யாரும் இல்லை. மண்ணடியில் இருந்த தங்கை ஆமினா பீவி எத்தனையோ முறை கூப்பிட்டும் போகவில்லை. படகுத்துறைக்குப் போகும் பாதையில் வீட்டு முன்னறையைச் சுருட்டுக் கடையாக்கிக்கொண்டார்.

விடியும்போது வலைக்காரர்கள் வருவார்கள். வாங்குவார்கள், இரண்டு வார்த்தை பேசுவார்கள், போய்விடுவார்கள். அதோடு ஜலீலின் ஒரு நாள் பேச்சு முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு ரேடியோ இருந்தது.

ஒரு ஆள் மட்டும் உட்காருவாள். கோட்டைக்குப்பத்துப் பச்சையம்மா. இறால் கூடையைத் துறையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கடைவாசலில் கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒரு சுருட்டு முடியும்வரை இருப்பாள். நெருப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டே பேசுவாள். சொற்கள் பல்லிடுக்கில் வழியும். புருஷன் சின்னதம்பி முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து போனவன். பிள்ளை கிடையாது. ஜலீலிடம் அவள் ஊரைத் திட்டுவாள், ஏலக்காரனைத் திட்டுவாள், இறாலைக்கூடத் திட்டுவாள். ஜலீல் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு சுருட்டு நேரத்துக்காகத்தான் தான் கடை திறக்கிறோம் என்பது அவருக்கே கொஞ்ச காலம் கழித்துத்தான் விளங்கியது.

விளங்கியது 1977 மழையில். அந்த ஐப்பசியில் கட்டுக்கட்டாகப் பூஞ்சணம். பச்சையம்மா ஒன்றை எடுத்து, உருட்டி, முகர்ந்து, திரும்ப வைத்தாள்.

"இன்னா பாய், சுருட்டுக்கு நரை வந்துட்ச்சி?"

"தொடச்சி தர்றேன் பச்சம்மா."

"தொடச்சத வாய்க்குள்ள வச்சிக்கினு நான் சாவணுமா? போ பாய்."

மறுநாள் முதல் அவள் துறையோரத்துப் பெரியசாமி கடையில் வாங்கினாள். அவனுக்கு விற்பனை வேகம். சரக்கு தங்காது, கெடாது. ஜலீலின் மரப்பெட்டி மழையில் நனைந்துகொண்டு காலியாகக் கிடந்தது.

மழை நின்றதும் ஜலீல் சென்னைக்குப் போனார். பேசின் பிரிட்ஜ் பக்கம் கப்பல் கழிவுச் சாமான் விற்பவரிடம் ஒரு பெட்டி இருந்தது. இடுப்பளவு உயரம், தடித்த இரும்புச் சுவர், கண்ணாடிக் கதவு. உள்ளே பாட்டிலைப் படுக்கவைக்க வளைந்த கம்பித் தட்டுகள். ஏதோ கப்பலில் மாலுமி அதிகாரிகளின் ஒயினைக் குளிராக வைத்திருந்த பெட்டி. மோட்டார் செத்துப்போயிருந்தது. விற்பவருக்கு அது பாரம். ஜலீலுக்குக் கதவைச் சுற்றியிருந்த ரப்பர்தான் கண்ணில் பட்டது. காற்று புகாமல் மூடும் பெட்டி. பொன்னேரி பஸ் கூரையில் அது பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் "ஒயின் பெட்டி" என்ற பேச்சு அதை முந்திவிட்டது. மதுவிலக்குக் காலம். அடுத்த நாளே கான்ஸ்டபிள் கங்காதரன் சைக்கிளில் வந்து இறங்கினார். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"ஒயின் எங்க பாய்?"

"கப்பல்லயே குடிச்சிட்டாங்க சார்."

பக்கத்தில் நின்ற வலைக்காரர் சிங்காரம் சிரித்த சிரிப்பில் கான்ஸ்டபிளும் சிரித்துவிட்டுப் போனார்.

ஜலீல் மோட்டாரைக் கழற்றி எறிந்தார். குழாய் போன ஓட்டைகளைத் தேன்மெழுகால் அடைத்தார். ரப்பர் தேய்ந்த இடங்களில் சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினார். கண்ணாடிக்கு வெயில் படாமல் சாக்குத் திரை. ஈரத்துக்கு முதலில் ஒரு சட்டியில் நனைந்த மணல் வைத்தார்; பத்து நாளுக்குள் மூலையில் மறுபடி பூஞ்சணம். மணல் கணக்கில்லாமல் ஈரத்தை விட்டது. பிறகு சமையலறையில் உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழையில் அது தண்ணீர் கோத்துக்கொள்ளும், கோடையில் கட்டியாகும். ஈரம் மிஞ்சினால் குடிக்கிறது, குறைந்தால் விடுகிறது. பீங்கான் தட்டில் கல்லுப்பைக் குழைத்து, சேறு மாதிரி ஈரமாக வைத்தார். அது நின்றது.

ஆனால் கம்பித் தட்டில் சுருட்டு நேராகக் கிடக்கவில்லை. கம்பி பட்ட இடத்தில் வடு விழுந்தது. கப்பல்களில் கேப்டன் அறைக்குச் சாமான் கொண்டுபோனபோது சுருட்டை மரப்பெட்டியில்தான் பார்த்திருக்கிறார். பலகை வேண்டும். அதற்காக பழைய சரக்குப் பெட்டிகளை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலையில் பச்சையம்மா பாதையில் போனாள். போனவள் நின்றாள்.

"இன்னா அது, பொணப் பெட்டியா?"

"சுருட்டுக்கு."

"சுருட்டுக்குக் கண்ணாடி வீடு! எங்களுக்கு ஓலை. நல்லா இருக்குது பாய் உன் நாயம்."

பலகை கிடைக்கவில்லை என்று சொன்னார். அவள் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தாள்.

"அந்தாளு தோணி ஒடஞ்சி கெடக்குது வாசல்ல. கரையான் தின்றதுக்கு பதிலா உன் சுருட்டு அதுல தூங்கட்டும். வந்து எடுத்துக்கினு போ."

சின்னதம்பியின் தோணிப் பலகைகளை ஜலீல் அறுத்து, இழைத்து, தட்டுக்குத் தட்டு பரப்பினார். சித்திரை வந்தது. மேல்காற்றில் ஊரெல்லாம் சுருட்டு வெடித்தபோது ஜலீலின் சுருட்டு காதருகே உருட்டினால் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது, அவ்வளவுதான். வலைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பாட்டில் படுத்த இடத்தில் ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு, வாங்கிய சுருட்டுக் கட்டை அங்கேயே விட்டுவைத்து, தினம் ஒன்றை உருவிக்கொண்டு போனார்கள். கீழ்த்தட்டு பச்சையம்மாவுக்கு.

முதல் சுருட்டை இழுத்தபோது அவள் யாரையும் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "நல்லா இருக்குது பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷ ஆடியில், உறையூரிலிருந்து சுருட்டு கொண்டுவரும் ஏஜெண்ட் அந்தோணிசாமி வந்தார். கதவைத் திறந்தவர் பின்னால் சாய்ந்தார்.

"என்ன பாய், உள்ளே சுறா வளக்கிறீங்களா?"

ஜலீல் முகர்ந்தார். புகையிலை வாசனைதான் வந்தது. சிங்காரத்தைக் கூப்பிட்டார். சிங்காரம் பெட்டிக்குள் மூக்கை விட்டு இழுத்தார். பிறகு சந்தேகமாகத் தன் கையையும் முகர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் வர்லியே ஐயா. பொகையிலதான்."

"உங்க ஊர்ல யாரைக் கேட்டு என்ன பண்றது! சுறா எண்ணெய் பாய். அந்தப் பலகை வருஷக்கணக்கா குடிச்சிருக்கு. இப்ப சுருட்டும் குடிச்சிருக்கு."

தோணி தண்ணீரில் ஊறாமலிருக்க மீன் எண்ணெய் பூசுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு நாற்றம் உண்டு என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே இருக்கிறார்கள்.

ஜலீலுக்கு வெட்கமாகப் போயிற்று. பழப்பெட்டி மாம்பலகை வாங்கிவந்து எல்லாத் தட்டையும் மாற்றினார், புதுச் சுருட்டு அடுக்கினார். யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பச்சையம்மா பாதியில் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"இது வேற."

"அதே உறையூர்தான் பச்சம்மா."

"வேற பாய்." அவள் மீதியை மணலில் அழுத்திவிட்டுப் போனாள்.

மூக்குக்குத் தெரியாதது அவள் வாய்க்குத் தெரிந்திருந்தது. ஜலீல் கொல்லையில் போட்டிருந்த சின்னதம்பியின் தோணிப் பலகையில் ஒன்றைக் கொண்டுவந்து கீழ்த்தட்டில் மட்டும் மறுபடி வைத்தார். ஒரு வாரத்தில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்தாள். அவள் எதற்காகக் கண்ணை மூடுகிறாள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவள் வருவது அவருக்குப் போதுமாக இருந்தது. வருஷங்கள் அப்படியே போயின.

1983 மாசியில் சென்னையிலிருந்து மருத்துவ முகாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு வாயைப் பார்த்தார்கள். பச்சையம்மா அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள்.

"வாயைத் தொறன்னா. தொறந்தேன். டார்ச் அடிச்சி பாத்துட்டு அந்த டாக்டரம்மா இன்னொருத்திய கூப்டுறா, அவ இன்னொருத்தன கூப்டுறா. என் வாயி இன்னா மீன் மார்க்கெட்டா?"

"இன்னா சொன்னாங்க?"

"மேலண்ணத்துல வெள்ளையா இருக்குதாம். நடுவுல செவப்பாம். ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டணுமாம். சுருட்ட வுடணுமாம். வுட்டுட்டா சரியாப் பூடுமாம், வுடலைன்னா புத்துநோயாம். ஒண்ணு எடு பாய்."

ஜலீல் எடுத்துக் கொடுத்தார். கை பழக்கத்தில் கொடுத்துவிட்டது. அவள் நெருப்பை உள்ளே திருப்பி வாயை மூடினாள். கண்ணை மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், எப்போதும்போல.

அன்று முழுவதும் ரேடியோ போடவில்லை. கொடுத்தால் வருவாள். கொடுக்காவிட்டால் வருவதற்குக் காரணமே இல்லை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது, இருந்தும் பொழுது சாயும்வரை யோசித்தார்.

காலையில் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"தீந்துபோச்சி பச்சம்மா."

அவள் சாக்குத் திரையை ஒதுக்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் கீழ்த்தட்டில் அவள் கட்டு அப்படியே படுத்திருந்தது.

"கண்ணாடி வச்ச பெட்டிய பக்கத்துல வச்சிக்கினு பொய் சொல்றியே பாய், உனக்கு வெக்கமா இல்ல?"

"உனக்கு இல்ல. மத்தவங்களுக்குத்தான்."

"டாக்டரம்மா உன்னாண்டயும் வந்து சொல்லிட்டுப் போனாளா?"

"நீதான சொன்ன."

"நான் பேச்சுக்கு சொன்னேன். நீ யாரு என் வாயக் காக்க? ஊர்ல வேற கடையே இல்லியா?"

கூடையை எடுத்துக்கொண்டு துறைப்பக்கம் திரும்பினாள். ஜலீல் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார். அவள் பெரியசாமி கடையில் வாங்கிக்கொண்டு நகர்ந்தபிறகு அவனிடம் போய் நின்றார்.

"அவளுக்கு இனிமே குடுக்காத பெரியசாமி. வாயில புண்ணு."

பெரியசாமி சில்லறை அடுக்கிக்கொண்டே கேட்டான். "அவ இன்னா உன் வூட்டுக்காரியா பாய்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜலீல் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். கீழ்த்தட்டுச் சுருட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். பலகையை உருவினார். முகர்ந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோட்டைக்குப்பத்துக்கு நடந்தார். அந்தத் தெருவுக்கு அவர் போனது பலகை எடுக்கப் போன அன்று மட்டும்தான்.

பச்சையம்மா வாசலில் வலைக் கண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியசாமி கடைச் சுருட்டு பாதி எரிந்து பக்கத்தில் மணலில் குத்தியிருந்தது. ஜலீல் துண்டைப் பிரித்துப் பலகையை அவள் முன்னால் வைத்தார்.

"இது எதுக்கு?"

"இதுலதான் உன் சுருட்ட வச்சிருந்தேன். உனக்கு மட்டும். நீ இழுத்தது சுருட்டு இல்ல பச்சம்மா. பெரியசாமி கடையில அது கெடைக்காது. எங்கயும் கெடைக்காது. பலகைய நீயே வச்சிக்க."

அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து, கூடையைப்போல மடியில் வைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஜலீல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பங்குனியில் அவள் தம்பி பெண்டாட்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாகச் சிங்காரம் வந்து சொன்னார். அண்ணத்தில் சின்னதாகச் சதை வெட்டி எடுத்துப் பார்த்தார்களாம். நோய் முற்றவில்லையாம். சுருட்டைத் தொடுவதில்லையாம், அதற்குப் பதிலாகத் தெருவில் போகிற நாயைக்கூட விடாமல் திட்டுகிறாளாம். "உன்னையுந்தான் பாய்," என்றார் சிங்காரம், "வகைவகையா."

"இன்னான்னு?"

"அத்த எப்டி சொல்றது. வுடு."

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மழைக்கும் ஒரு சுருட்டுகூடக் கெடவில்லை. கீழ்த்தட்டில் இடம் கேட்டவர்களுக்கு அங்கே உப்புத் தட்டு வைக்க வேண்டும் என்று ஜலீல் சொல்லிவிட்டார். உப்புத் தட்டு மேலேதான் இருந்தது. கண்ணாடி வழியே எல்லோருக்கும் தெரிந்தது. 

பச்சையம்மா தினமும் அதே பாதையில்தான் இறால் கூடையோடு போனாள். வாசலில் மரப்பெட்டி கவிழ்ந்தே கிடந்தது. மாதக்கணக்கில் தலையைத் திருப்பாமல் போனவள், தை மாதத்து ஒரு காலையில், நிற்காமல், கூடைக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பெட்டி ஓடுதா பாய்?"

மோட்டார் இல்லாத பெட்டி.

"ஓடுது" என்றார் ஜலீல், அவள் காதில் விழுகிற அளவுக்கு உரக்க. அவள் அதற்குள் துறைப்பக்கம் திரும்பியிருந்தாள். அவர் உள்ளே போய் உப்புத் தட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.