காணாமல்போன மஞ்சள் கட்டம்

கேமரா ரிப்பேர்காரரை அந்தத் தெருவில் 'எக்ஸ்ரே' என்றால்தான் தெரியும். தன் நிழல் பின்னால் வந்தாலும், எதற்கு வருகிறது என்று திரும்பிப் பார்க்கிற ஆள். அவரிடம் வேலைக்கு வந்த மூன்று பேர் ஆளுக்கு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. நாலாவதாக வந்து ஆறு வருஷம் ஓட்டியவர் தங்கையின் கணவர்தான். எக்ஸ்ரேவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதால், பொடி ஸ்க்ரூக்களை எல்லாம் மாப்பிள்ளைதான் மாட்ட வேண்டும். அவர் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த வாரம் ஒரு டீச்சர் தன் அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தார். அந்த வகைக் கேமராவில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அதற்குள் எதிரில் இருப்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக, இரண்டும் நகர்ந்து ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. இரண்டாவது முகத்தைக் காட்டுவது உள்ளே இருக்கும் நகம் அளவுக் கண்ணாடி. மேலே உள்ள மெல்லிய வெள்ளிப்பூச்சால் அது பாதி வெளிச்சத்தை விடும், பாதியைத் திருப்பும். கட்டம் மங்கிவிட்டது என்பதுதான் டீச்சரின் புகார்.

மாப்பிள்ளை மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். எக்ஸ்ரே குனிந்து பார்த்தார். கண்ணாடியில் ஏதோ புகை மாதிரி.

"விரலை வச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி போயிட்டார் பாரு" என்று முணுமுணுத்தவர், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். கண்ணாடி பளிச்சென்று ஆனது.

சாயங்காலம் மாப்பிள்ளை மூடியை மாட்டியதும் எக்ஸ்ரே கண்ணை வைத்துப் பார்த்தால் கட்டமே இல்லை. ஜன்னல் வழியே பார்ப்பதுபோல எல்லாம் துல்லியம். இரண்டாவது முகத்தைத்தான் காணோம்.

மாப்பிள்ளையிடமும் இதே வகைக் கேமரா ஒன்று உண்டு. எக்ஸ்ரேவின் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

"நல்ல கண்ணாடி உங்க கேமராவுக்குப் போயிடுச்சு போல, மாப்பிள்ளை. இதுல இருக்கிறது வெறும் கண்ணாடி."

"விளையாடுறீங்களா மச்சான்?"

"டீச்சர் கேட்டா நான் என்ன சொல்ல?"

மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தார். "ஆறு வருஷம் உங்க பக்கத்துல உட்கார்ந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருட்டை நிரூபித்தே தீருவது என்று மறுநாள் எக்ஸ்ரே தனியாக மூடியைத் திறந்தார். கண்ணாடியைச் சுற்றிப் பழைய பசை காய்ந்து கல்லாகி, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. யாரும் கழற்றவே இல்லை. முந்தின நாள் தான் இழுத்த பஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. உடைசல் பெட்டியிலிருந்து இன்னொரு கேமராவை எடுத்து, அதன் கண்ணாடியிலும் ஸ்பிரிட் பஞ்சை இழுத்தார். வெள்ளிப்பூச்சு மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது. பழம்பூச்சை ஊதலாமே தவிரத் துடைக்கக் கூடாது என்பது தொழிலின் அரிச்சுவடி. ஆத்திரத்தில் கை முந்திக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. வீட்டைச் சோதனை போட வந்தீங்களா? அலமாரி அந்தப் பக்கம்."

"நான்தாம்மா துடைச்சுக் கெடுத்தது."

"பரவாயில்லையே! ஊர்ல நீங்க சந்தேகப்படாத ஆள் ஒருத்தர்தான் பாக்கி. அவரையும் பிடிச்சிட்டீங்க."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தன் கேமராவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இதுல இருக்கிறதை டீச்சருக்குப் போட்டுடலாம். நானும் வரேன். ஆனா ஒண்ணு மச்சான், இனிமே நீங்க தொட்ட எதையும் நான் பார்த்த பிறகுதான் மூடணும்."

சொந்தக் கண்ணாடியையே ஏன் தருகிறார் என்று எக்ஸ்ரேவின் மனசு ஓட ஆரம்பித்தது. அதை அதட்டி உட்காரவைத்துவிட்டுத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை, கண்ணாடி மாற்றிய டீச்சரின் கேமராவில் மாப்பிள்ளை கண்ணை வைத்தார். வெகுநேரம் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் எக்ஸ்ரேவுக்கு வியர்த்தது.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது இருக்கா?"

"பேசாம இருங்க மச்சான். பார்த்துட்டுச் சொல்றேன்."