அரைப்புள்ளி

மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தபோது, கிணற்றடியில் வெள்ளை உருவம், பூட்டிய வீட்டில் கொலுசுச் சத்தம் என்று வரும் செய்திகளை வெட்டிப் போடுவது என் வேலை. யார் பார்த்தது, எப்போது, வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டால் போதும், நிருபர் போனை வைத்துவிடுவார். அதே கேள்விகளை நீங்கள் என்னிடம் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். கேளுங்கள். நடந்தது பட்டப்பகலில், என் மேசையில். பக்கத்தில் ஆளும் இருந்தது.

நான் சொக்கலிங்கத்துக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி மெய்யம்மை காய்ச்சலில் போன பிறகு என்னைக் கட்டினார். நேமத்தான்பட்டியில் இருக்கும் அவர்கள் வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றியது மெய்யம்மை. அதை யாரும் என்னை மறக்கவிட்டதில்லை. அவள் இடக்கைக்காரி. அடுப்பங்கரையில் கரண்டி மாட்டும் கொக்கி, சாவி மாட்டும் ஆணி, எல்லாம் இடப்பக்கம். நான் வலப்பக்கம் மாற்றுவேன், மறுநாள் பழைய இடத்துக்கே போயிருக்கும். சமையல் செய்யும் மூக்காயியைக் கேட்டால், "மூத்த ஆச்சி வச்ச எடம், கை பழகிப்போச்சு. நீங்க எதுக்குத் தேடுறீக, கேளுங்க, எடுத்துத் தாரேன்" என்பாள். என் வீட்டில் கரண்டியை நான் கேட்டு வாங்க வேண்டும். செத்தவள்மேல் பொறாமைப்படுவதில் ஒரு கஷ்டம், சண்டை போட ஆள் கிடையாது.

அந்த வீட்டில் அவள் கை படாதது என் கம்ப்யூட்டர் ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு காரைக்குடியில் வாங்கியது, பெட்டியின் டேப்பை நானே கிழித்தேன். அறைப் பதிவுகள், விருந்தினர் முகவரிகள், நான் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். வீடு அவளுடையது என்றால் விடுதி என்னுடையது, அது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அந்த நிலையைக் குறித்து வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு, ரீஸ்டோர் பாயிண்ட் என்பார்கள். பின்னால் படுத்துவிட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம். மாதா மாதம் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பேன். அதற்குப் பெயர் கேட்கும். பாயிண்ட் என்றால் புள்ளி. எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. என் கணவரை மறுபடி முழுசாக்கியவள் நான் என்ற நினைப்பில் "முழுப்புள்ளி" என்று பெயர் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன தை மாதம், ஒரு அறுபதாம் கல்யாணக் கூட்டம் மறுநாள் வந்து இறங்க வேண்டும், யாருக்கு எந்த அறை என்று மதியம் தட்டிக்கொண்டிருந்தேன், திரை நீலமாகி நின்றது. அணைத்துப் போட்டேன், மறுபடி நீலம். தானே பழுது பார்க்கிறேன் என்று சுற்றியது, முடியவில்லை என்றது. சேஃப் மோடிலும் ஏறவில்லை. நகல் வைத்திருந்த டிஸ்க் கீழே விழுந்து வீணாகி, புதிது வாங்காமல் இருந்த நேரம். சர்வீஸ் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தா அதுல போய்ப் பாருங்க ஆச்சி. இல்லாட்டி அழிச்சுட்டுப் புதுசாத்தான் ஏத்தணும். உள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

மூக்காயி காபியோடு வந்து பின்னால் நின்றாள். "மூத்த ஆச்சி எல்லாத்தையும் மனசுலயே வச்சிருப்பாக. இந்தப் பொட்டியெல்லாம் கெடையாது."

ரீஸ்டோர் பாயிண்ட் பட்டியலைத் திறந்தேன். ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. முதலாவது என்னுடையது. அதற்குக் கீழே இருந்ததை மூக்காயிதான் வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அரை... அரைப்புள்ளி. அது என்னது ஆச்சி?"

அதன் தேதி, கம்ப்யூட்டர் கடையிலிருந்து வருவதற்கு முந்தியது.

கடிகாரம் பிசகியிருக்கும் என்றுதான் நினைத்தேன், நம்புங்கள். என்னுடையதைத் தேர்ந்தெடுத்தேன். வெகுநேரம் ஓடி, முடியவில்லை என்றது. மறுபடியும் கொடுத்தேன், அதே பதில். மிச்சம் இருந்தது அந்த ஒரு வரி. என் விடுதியைக் காப்பாற்ற என் கையால் அவளைத் தொட வேண்டும். தொட்டேன். காபி ஆறுவதற்குள் எல்லாம் திரும்பிவிட்டது, படங்கள், முகவரிகள், நான் பாதியில் விட்ட அறைப் பட்டியல்கூட.

"பாத்தீகளா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்காயி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் கேட்டேன். "நீங்க இதுல ஏதாவது பேர் வச்சீகளா?"

"எனக்கு அதை அணைக்கவே தெரியாது, நான் எங்கிட்டுப் பேர் வைக்க?" என்று சிரித்தார். தேதியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "மெய்யம்மை காரியம் முடிஞ்ச மறுநாள். கோயில்ல என்னை அரைன்னு மாத்தி எழுதுனாக."

யோசிக்காமல் சொன்னார். எங்கள் கல்யாண நாளை வருஷா வருஷம் நான்தான் அவருக்கு நினைவுபடுத்துகிறேன்.

கடைக்காரரை வரவழைத்துக் காட்டினேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க் புதியதுதான், கடிகாரமும் சரி, யாரோ விளையாடியிருப்பாக என்றார். எப்படி விளையாட முடியும் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் மாதா மாதம் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கிறேன். என்னுடையது அழிகிறது, அது அழிவதில்லை. அதைக்கூடப் பழகிக்கொண்டேன்.

பழகாதது வேறு. அன்றிலிருந்து காலையில் மேசைக்கு வந்தால் மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் இருக்கிறது. எடுத்து வலப்பக்கம் வைப்பேன். மூக்காயி அந்த அறைக்குப் பெருக்கக்கூட வருவதில்லை இப்போது.

நேற்று அவசரத்தில் மாற்றாமல் இடக்கையாலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். கை தடுமாறவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் எனக்கே அது தெரிந்தது. திரும்பினால் அவர் நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.