கடைசிப் பெட்டி கடக்கும்வரை

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத் தொலைபேசியில் செய்தி வந்தது. தேவகி அக்காவின் மகள் கலா பேசினாள். “அம்மா போய்ட்ச்சி அக்கா. விடியகாலைல.” எதிர்பார்த்ததுதான். ஆறு மாதமாக ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே போராடிக்கொண்டிருந்தவர் அவர். “வரேம்மா” என்று ரிசீவரை வைத்தேன். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கோப்பு எடுத்துக் கொடுப்பதும் தேநீர் வாங்கி வருவதும் அவர் வேலை. தட்டச்சு என் வேலை. இருவருக்கும் தினக்கூலிதான். நான் அத்திப்பட்டில் ரயில் ஏறுவேன். அடுத்த நிலையமான எண்ணூரில் அவர் ஏறுவார்.

அந்தப் பாதையில் தினமும் போனவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி வண்டிக்கு வழிவிட்ட பிறகுதான் எங்கள் வண்டி நகரும். பெண்கள் பெட்டியில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் சாம்பல் படிந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, எதிரே போகும் சரக்குப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், “ரமா, அது மேல பி, ஓ, எக்ஸ், என்னுன்னு எழுதிக்கீது பாரு. இந்த நாலு எழுத்தும் வர்ற மாரி இங்கிலீசுல ஒரு வார்த்த சொல்லு” என்றார். நான் பட்டம் படித்தவள்; விழித்தேன். பத்தாவதோடு பள்ளியை விட்ட அவரே கொஞ்ச நேரத்தில் சொன்னார்: “பாக்ஸிங்! எங்க மாமா பனியன்ல போட்டிருந்திச்சி.”

அன்றிலிருந்து அதுவே எங்கள் விளையாட்டாகிவிட்டது. வார்த்தை சொன்னவருக்கு ஜன்னல் இருக்கை. கடைசிப் பெட்டி கடப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். நான் அவசரப்பட்டால், “கடைசி பொட்டி போறவரைக்கும் டைம் கீது, பதறாத” என்பார். “மொதல்ல முரட்டு எழுத்தப் புடி. மத்ததுங்க தானா வரும்” என்பது அவருடைய வழி. அட்டைப்பெட்டி, பிஸ்கட் பொட்டலம், கடைப் பலகை, வடை மடித்த தாள் என்று எங்கே ஆங்கிலம் கண்டாலும் எழுத்துக் கூட்டி மனதில் போட்டுக்கொள்வார். அர்த்தம் தெரியாத வார்த்தைகளே அவரிடம் அதிகம்.

பெட்ரோல் டேங்கர் வண்டியின் B, T, P, N எங்களை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. கடைசியில் அக்காதான் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லோடு வந்தார். அதற்குத் திவால் என்று அர்த்தம் என்றேன். “அப்ப நம்ம வார்த்ததான்டி அது” என்று அவர் சிரித்ததில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

ஒருமுறை அவர் சொன்ன வார்த்தையை நான் நம்பி இடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலியிருக்கை இருந்தும் அவர் உட்காரவில்லை. அலுவலக அகராதியில் தேடினாராம். அந்த வார்த்தை இல்லையாம். “பொய்யி சொன்னா இராயபுரம் வரிக்கும் நிக்கணும்.” நான் பார்க்கவேயில்லையே அக்கா என்றேன். “நான் பாத்துட்டேன்ல?” என்று நின்றுகொண்டே வந்தார்.

இப்போது, சொல்லக் கசக்கும் இடத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தர் வேலை ஒன்று நிரந்தரமாயிற்று. இடம் ஒன்றுதான். ஆங்கிலத் தேர்வு, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு. நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். அக்காவுக்குக் கணவர் இல்லை, கலா பள்ளியில் இருந்தாள். எனக்கும் வீட்டில் சுமை இருந்தது.

வழக்கமான வண்டியை நம்ப முடியாது, முந்தின வண்டியில் போய்விட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தேன். அன்று மாலை எண்ணூர் வரை அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். அந்த முடிவை அவரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

வழக்கமான வண்டி நிலக்கரி வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அக்கா நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். மேலாளர் தேர்வு அறையைச் சாத்தியிருந்தார். கதவுக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது. நான் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை அவரை எப்படிப் பார்ப்பது என்று கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறியதும், “இன்னாடி, ஆபீசரு ஆய்ட்ட!” என்றார். முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டு, “குந்து” என்றார். அதற்குப் பின் ஏழு வருடம் ஒன்றாகவே போய் வந்தோம். நான் நிரந்தரம், அவர் தினக்கூலி. இருமல் மட்டும் அவரிடம் நிரந்தரமாகத் தங்கிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அக்காவின் வீட்டில் எல்லாம் முடிந்து பெண்கள் கலைந்த பிறகு, கலாவிடம் ஆரம்பித்தேன். “அந்தப் பரீட்சை நாள்ல நான் உங்கம்மாகிட்ட...”

“அம்மா சொல்லிக்கீது அக்கா. அன்னிக்கி ஸ்டேஷனாண்ட தண்ணி புடிச்சிகினு இருந்திச்சாம். நீங்க முந்தின வண்டில ஜன்னலாண்ட குந்திகினு படிச்சிகினு போனீங்களாம். ‘கூப்ட்டா படிச்சது மறந்துடும், பாவம், உட்டுட்டேன்’னு சொல்லும். அப்பால கொடத்த வூட்ல வெச்சிட்டு ஓடிச்சி. அதுக்குள்ள கரி வண்டி குறுக்க வந்துட்ச்சி.”

அப்போதுதான் அழுதேன்.

மாலை எண்ணூரில் வீட்டுக்கு வண்டி ஏறினேன். கூட்டமில்லை, ஜன்னலோரம் காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் வழக்கம்போல நிலக்கரி வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக அதே நான்கு எழுத்துகள். அக்கா, முந்தின வண்டியைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் இருந்தது. போய் வாருங்கள்.

கடைசிப் பெட்டியும் கடந்து போயிற்று. நான் எழுந்து, அத்திப்பட்டு வரை நின்றுகொண்டே போனேன்.