ரயில் போகும்போது மட்டும் தெளிந்த படம்

2014 ஒக்டோபர் 11, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். எங்கள் வெள்ளவத்தை வீட்டின் கணினித் திரையில் தோன்றிய செய்தி வாசிப்பாளருக்கு இரண்டு மூக்குகள் இருந்தன. சற்று நேரத்தில் அவர்மீது பனி பெய்யத் தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாக எழுத முடிவதற்கு ஒரே காரணம், அன்று அந்தத் திரையில் தெளிவாகத் தெரிந்தது மூலையிலிருந்த கடிகாரம் மட்டுமே என்பதுதான்.

எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி சித்திரை மாத இடியோடு உயிரை விட்டிருந்தது. புதுக்கடையில் காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருக்கும் அப்பா, வீட்டில் ஏற்கெனவே ஒரு திரை இருக்கும்போது இன்னொரு திரையை விலைக்கு வாங்குவது அறிவுடைமை ஆகாது என்று தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு. ஆகவே கணினிக்குள் பூட்டும் ரீவி கார்ட் ஒன்று பம்பலப்பிட்டியிலிருந்து வந்து சேர்ந்தது. வந்த வேளை நவராத்திரி. கணினிக்குள் போகும் எதுவும் கல்வி உபகரணமே என்பது அம்மாவின் கொள்கையாதலால், சரஸ்வதி பூசையன்று என் பாடநூல்களுக்கும் அப்பாவின் கல்குலேற்றருக்கும் நடுவில் அதுவும் அமர்ந்து அருள்பெற்றது. அதைப் பூட்டத் தகுதி வாய்ந்தவருக்கு அதற்கடுத்த வாரச் சனிக்கிழமைதான் விடுமுறை.

தகுதி வாய்ந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி, கொட்டாஞ்சேனையில் வசிப்பவர். ஒருகொடவத்தையில் வந்திறங்கும் கொள்கலன்களின் இலக்கங்களைக் குறித்துக்கொள்வது அவரது தொழில். அக்கொள்கலன்கள் சிலவற்றில் கணினிகளும் வருவதுண்டு. எங்கள் குடும்பத்தில் கணினி தொடர்பான இறுதிச் சொல் அவருடையதாக இருப்பதற்கு அதுவே போதுமான சான்றிதழாக இருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிப்பவள். திருகாணி செலுத்தியைக் கைநீட்டிக் கொடுக்கும் பதவி எனக்கு வழங்கப்பட்டது.

கார்டைப் பூட்டி, அன்ரனா வயரின் தலையை அதன் வட்டத் துவாரத்தில் அழுத்தியபோது மாமா சற்றுச் சிரமப்பட்டார்.

“கொஞ்சம் இறுக்கமாயிருக்கு. ஒரிஜினல் சாமான் எண்டால் இப்பிடித்தான்,” என்றார். நாங்கள் ஒரிஜினலை மதித்துத் தலையாட்டினோம்.

மறுநாள் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அம்மா தொலைக்காட்சியில் வரவிருந்தார். கோயில் மாதர் குழுவின் எட்டுப் பேர் சேர்ந்து பாடிய பாடல்; நான்கு நிமிடம்; மறுஒளிபரப்பு கிடையாது. திருமணத்துக்கு முன் அம்மா முறையாகச் சங்கீதம் பயின்று பரீட்சைகள் எழுதியவர். பிறகு அவர் பாடியதைக் கேட்டவை பெரும்பாலும் பிரஷர் குக்கரும் அதன் விசிலும்தான். முந்திய வருடம் கனடாவிலிருந்து சித்தி தொலைபேசியில் கேட்டார்: “அக்கா, நீங்கள் பாட்டை ஒரேயடியா விட்டிட்டியள் என்ன?” அம்மா “ஓம்” என்றுவிட்டு அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார். அந்தச் சனிக்கிழமை காலையில் அவராகவே சித்திக்கு எடுத்தார். “நாளைக்குப் பிறகு உனக்கு ஒரு சாமான் அனுப்புவன். என்னெண்டு கேளாதை.” அந்தக் கார்டுக்குப் பதிவு செய்யும் வசதியும் இருந்தது. வீட்டில் இதைப் பற்றி வேறொன்றும் பேசப்படவில்லை. பேசப்படாததால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா மென்பொருளைக் குற்றம் சாட்டினார். அதை நீக்கி, இறுவட்டிலிருந்து மீண்டும் ஏற்றினார். பனி பெய்தது. மறுபடியும் நீக்கி ஏற்றினார். பனியோடு நிறமும் போயிற்று. மூன்றாம் தடவை ஏற்றிவிட்டு, இந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது என்றார். அதே கணினியை இரண்டு வருடங்களுக்கு முன் தெரிவு செய்து கொடுத்தவரும் அவரே.

அப்பாவின் கட்சி வேறு. “உப்புக்காத்து,” என்றார். கடற்கரை வீதிக்கு அண்மையில் வாழ்கிறவர்களுக்கு உப்புக்காற்று ஒரு முழுமையான தத்துவம். சன்னல் கம்பி முதல் முழங்கால் வலி வரை அனைத்தையும் அது விளக்கும். அன்ரனாவைத் திருப்ப அவர் மொட்டைமாடிக்குப் புறப்பட்டார். நான்கு மாடிகளுக்கு இடையே கூவுவது கௌரவமாகாது. தொலைபேசியில் பேசினால் சல்லி போகும். எனவே எங்கள் இனத்தின் மாபெரும் தொடர்பாடல் கண்டுபிடிப்பான மிஸ்ட் கோல் கையாளப்பட்டது. நான் ஒரு தடவை அடித்தால் இடப்பக்கம், இரண்டு தடவை அடித்தால் வலப்பக்கம், மூன்று தடவை அடித்தால் கீழே இறங்கலாம்.

நான் திரையைப் பார்த்தபடி விரலைத் தயாராக வைத்திருந்தேன். படம் திடீரென்று இன்னும் மோசமாகி முற்றாகக் கறுத்தது. சிறிது நேரத்தில் அப்பா மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“இப்ப படம் திறமோ?”

“அத்தான், ஆரைக் கேட்டுத் திருப்பினீங்கள்?” என்றார் மாமா.

“இவள்தானே அடிச்சவள். ரெண்டுதரம் அடிச்சாள், திருப்பினன். பிறகு ஒருக்கா அடிச்சாள், மூண்டாச்சு, இறங்கி வந்திட்டன்.”

“நான் இன்னும் ஒருக்காவும் அடிக்கேல்லை, அப்பா.”

அப்பாவின் மூக்குக்கண்ணாடி கீழே மேசையில் இருந்தது. அதை அணிந்து தொலைபேசியைப் பார்த்தார். காணி உறுதி தாமதமானதால் பொறுமையிழந்த கட்சிக்காரர் ஒருவர் மூன்று தடவை அழைத்திருந்தார். இவ்வாறாக எங்கள் அன்ரனா அவரது கட்டளைக்கிணங்கக் கடலை நோக்கியிருந்தது. அப்பா மறுபடியும் நான்கு மாடி ஏறி அதைப் பழைய நிலைக்குத் திருப்பினார். பழைய பனியும் திரும்பி வந்தது.

ஐந்து இருபத்திரண்டுக்கு ஒரு விடயத்தைக் கவனித்தேன். தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தது. வழக்கம்போல சன்னல் கண்ணாடிகளும் அலுமாரிக்குள் கோப்பைகளும் அதிர்ந்தன. அந்த நான்கைந்து விநாடிகளுக்குத் திரையில் பனி நின்றது. விளம்பரத்தில் நின்ற பெண்ணின் காதணி கூடத் தெரிந்தது. ரயில் போனதும் அவள் மீண்டும் பனிக்குள் போய்விட்டாள். விரிவுரைக் குறிப்பின் பின்பக்கத்தில் நேரத்தை எழுதிவைத்தேன். ஐந்து நாற்பத்தொன்றிலும் அப்படியே. ஆறு மூன்றிலும் அப்படியே. மூன்று சான்றுகள் சேர்ந்த பின்னரே வாய் திறப்பது என் வழக்கம்.

“மாமா, ரயில் போகேக்கை மட்டும் படம் தெளியுது.”

“அது ரயிலின்ர கரண்ட், மருமோள். காந்தம் மாதிரி இழுக்கும்.”

“எங்கட ரயில் டீசலிலதானே ஓடுது?”

“டீசலுக்குள்ளயும் கரண்ட் இருக்கு. நீர் உம்மட கவிதையைப் பாரும்.”

“அதிருறதாலை எண்டால், எங்கையோ வயர் சரியா முட்டேல்லை எண்டுதானே அர்த்தம்?”

“பூட்டினது நான்,” என்றார் மாமா. அந்த வாக்கியத்துக்கு மேல் ஆராய்ச்சிக்கு இடமிருக்கவில்லை.

ஏழு மணியளவில் அவர் கார்ட் பழுது என்று அறிவித்து, தேநீரின் மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார். அப்பா கட்சிக்காரருக்குச் சமாதானம் சொல்லப் பின்வாசல் பக்கம் போனார். அம்மா திரைக்கு முன்னால் சிறிது நேரம் நின்றார்.

“பரவாயில்லை, பிள்ளை. பாடினது பாடினதுதானே,” என்றார்.

கீழ்வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர்களிடம் இருப்பது இந்தியச் சனல்கள் மட்டும் தரும் டிஷ். தவிரவும், அம்மா தன்னைத் தானே அந்நியர் வீட்டு நாற்காலியில் அமர்ந்து பார்க்கக்கூடியவர் அல்லர். நானும் அப்படிப்பட்டவளே, அந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். மின்னிணைப்பைத் துண்டித்து, கணினிப் பெட்டியைச் சுவரிலிருந்து திருப்பி, அன்ரனா வயரை இழுத்தேன். அது வர மறுத்தது. பிறகு மெல்லிய பொடியொன்றை உதிர்த்துக்கொண்டு வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். வட்டத் துவாரத்தின் விளிம்பிலும் உள்ளேயும் காய்ந்து இறுகிய சந்தனம். அதன் நட்டநடுவில், அளவெடுத்து வைத்ததுபோலக் குங்குமம்.

அந்தக் கார்டில் நெற்றி என்று சொல்லத்தக்க இடம் அது ஒன்றுதான். அம்மாவின் விரல் அதைத் தவறவிட்டிருக்க முடியாது. பொட்டு வைப்பதில் அவர் என்றுமே துல்லியமானவர். என் நூல்களின் அட்டைகளில் அது எப்போதும் சரியாக மையத்தில் இருக்கும். மாமாவின் மென்பொருளும் அப்பாவின் உப்புக்காற்றும் முந்திய நாள் மாலை முழுதும் விசாரித்துக் கண்டுபிடிக்காத குற்றவாளி, பூசைத் தட்டிலிருந்து வந்த இரண்டு துளி பக்தி.

ஊசி முனையால் சுரண்டினேன். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஓடிக்கொலோனில் தோய்த்துத் துடைத்தேன். பஞ்சு முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் வந்தது. ஏழாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஏழையும் காகிதத்தில் மடித்து என் பைக்குள் போட்டேன். வயரைச் செருகியபோது அது ஒரிஜினலுக்குரிய இறுக்கம் எதுவுமின்றிச் சென்று அமர்ந்தது. திரையில் ஒரு பிக்கு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், ஒரே மூக்கு. ரயில் வந்தது, போனது. அவர் மாறவில்லை.

“என்ன பிள்ளை பிழை?” அம்மா கதவடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

“உப்புக்காத்து, அம்மா,” என்றேன்.

“நான் சொன்னனான்தானே,” என்றார் அப்பா, இன்னும் படுக்கையிலிருந்தபடி.

ஒன்பதரைக்குப் பதிவை அழுத்தினேன். நான்கு நிமிடங்களில் பெரும்பகுதியை ஒளிப்பதிவாளர் முன்வரிசைப் பெண்மணியின் சரிகைச் சேலைக்கும் கோயில் கோபுரத்துக்கும் அளித்திருந்தார். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நின்ற அம்மாவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஒன்பது விநாடிகள். அந்த ஒன்பது விநாடிகளில் அவரது மூக்குத்தியில் விளக்கு பட்டது தெரிந்தது. மேல்ஸ்தாயிக்குப் போகும்போது கண்ணை மூடியது தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பாடல் முடிந்து விளம்பரம் வந்த பின்னும் அதையே செய்தார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

“நல்லாக் காட்டின சாமான். ஒரு பொட்டு வைச்சு விடுவம்,” என்று பெட்டியின் பின்பக்கம் குனிந்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். பெட்டியை மெதுவாகத் திருப்பி, முன்பக்கத்து வழுவழுப்பான கறுப்புப் பிளாஸ்ரிக்கைக் காட்டினேன்.

“இஞ்சை வையுங்கோ, அம்மா. இதுதான் முகம்.”